‘நீ எடுத்துட்டுப் போய் வளப்பியா?’

என் ஆயாவுக்கு ஊருக்குள் வரும் ஜீப்பைக் கண்டாலே ஆகாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊருக்கு அடிக்கடி ஏதாவது ஒரு ஜீப் வரும். இறங்குகிறவர்கள் கையில் நோட்டு இருக்கும், சில சமயம் கேமரா இருக்கும். எந்த வீட்டில் பிரசவம் ஆனது, எத்தனையாவது குழந்தை, இப்போது குழந்தை எங்கே என்று கேட்பார்கள். ஊர் வாய் திறக்காது. ஒருநாள் ஆயாதான் திறந்தாள். கேள்வி கேட்ட பெண்ணை நேராகப் பார்த்து, “பொட்டப்புள்ளய எடுத்துத் தரேன். நீ எடுத்துட்டுப் போய் வளப்பியா? பவுன் போட்டுக் கட்டிக் குடுப்பியா? இல்லன்னா எதுக்குக் கேக்கற?” என்றாள். அந்தப் பெண் நோட்டை மூடினாள். ஜீப் கிளம்பிப் போனது. ஊரே ஆயாவை மெச்சியது. பதினோரு வயதில் நானும் மெச்சினேன். எனக்கு அடுத்து எங்கள் வீட்டில் பிறந்தவன் தம்பி. அவன் தங்கையாகப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பல வருஷம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

ஆயாவின் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடிக்கொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆகிவிட்டது. கொடுமையான ஒரு வழக்கத்தை, அதற்குள் பிறந்து வளராதவர்கள் குறை சொல்லலாமா என்ற பேச்சு எங்கே எழுந்தாலும், கல்லூரி மேடையோ டீக்கடையோ, என் காதில் அவள் குரல்தான் கேட்கிறது. எங்க கஷ்டம் உனக்குத் தெரியுமா? எங்க ஊரு விஷயத்தைக் கேக்க நீ யாரு? உங்க ஊருல மட்டும் நடக்கலையா? இந்த மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டி வீசுவதால்தான் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போகிறார். முதல் கேள்வி நியாயமானது. கடைசிக் கேள்வியில் பெரும்பாலும் உண்மை இருக்கும். நடுவில் ஒளிந்திருக்கும் கேள்வியைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேலம், தருமபுரி, மதுரை மாவட்டங்களில் பிறந்த சில நாட்களுக்குள் பெண் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ படம் வந்தபோது, குழந்தைக்குப் புகட்டும் கள்ளிப்பால் என்ற சொல் மற்ற ஊர்க்காரர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. எங்களுக்கு அது வேலியோரத்தில் நின்ற செடி. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இந்தச் சாவுகளுக்கென்று ஒரு பெயர் இருந்தது: ‘சமூகக் காரணங்களால் இறப்பு’. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குறைப்பிரசவம் என்று நீளும் காரணங்களின் வரிசையில் இதுவும் ஒன்று. கொலை என்று எழுதினால் போலீஸ் வரவேண்டும், எழுதிய நர்சம்மா மறுநாள் அந்த ஊருக்குள் போக முடியாது. நிமோனியா என்று எழுதினால் பொய். இரண்டுக்கும் நடுவில் பிறந்த சொல் அது. அந்தச் சொல்லை நான் பழிக்க மாட்டேன். அது இருந்ததால்தான் எண்ணிக்கை இருந்தது. எண்ணிக்கை இருந்ததால்தான், ‘எங்க ஊருல அப்படியெல்லாம் இல்லீங்க’ என்ற பேச்சு எடுபடாமல் போனது.

இது மரபுதானா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், யாரும் கேட்கவில்லை. என் ஆயாவைப் பரிசம் போட்டுத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். கேழ்வரகும் சாமையும் விளைந்த மானாவாரிக் காட்டில் களையெடுக்கவும் அறுக்கவும் ஒரு ஜோடிக் கை போகிறதே என்று பெண் வீட்டுக்குத் தந்த ஈடு அது. என் அம்மா கல்யாணத்தில் பரிசம் பேருக்கு இருந்தது. கூடவே நாலு பவுன் பேசினார்கள். எங்கள் தலைமுறைக்கு வந்தபோது பரிசம் என்பது தாம்பூலத் தட்டில் வைக்கும் ஒரு சடங்குத் தொகையாகச் சுருங்கிவிட்டது. பவுனும் மோட்டார் சைக்கிளும் ரொக்கமும்தான் பேச்சு. கிணற்றுக்கு மோட்டார் வந்தது, பணப்பயிர் வந்தது, அரசு வேலை மாப்பிள்ளை வந்தார், அவரோடு வரதட்சணையும் வந்தது. வசதியான சாதிகளில் தொடங்கி மற்றவர்களிடம் இறங்கியது. மூன்றே தலைமுறை.

கொல்லப்பட்டது பெரும்பாலும் முதல் பெண் இல்லை. முதல் பெண்ணை வளர்த்தார்கள், சீராட்டினார்கள். இரண்டாவதும் மூன்றாவதும்தான் போயின. ‘அஞ்சு பொண்ணு பெத்தா அரசனும் ஆண்டி’ என்று பழமொழி சொன்ன காலத்தில் அஞ்சு பெண்ணையும் பெற்று வளர்த்தவர்கள் இருந்தார்கள். போதும்பொண்ணு என்று பெயர் வைத்துச் சலித்துக்கொண்டே வளர்த்தார்கள். அந்தப் பெயர்களும் கொடுமைதான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஓர் உயிர் இருந்தது. பிறகு ‘சிறு குடும்பம் சீரான வாழ்வு’ என்று சுவரெல்லாம் எழுதினார்கள். குழந்தை ரெண்டு போதும், அதில் ஒன்று கட்டாயம் பையனாக இருக்க வேண்டும் என்று ஊர் அதைப் புரிந்துகொண்டது. அந்தச் சுவரில் எழுதிவிட்டுப் போனவர்களும் வெளியாட்கள்தான். ஆக, காலங்காலமாக வந்த எங்கள் வழக்கம் என்று எதைக் காத்து நின்றோமோ, அதன் பாதிச் சரக்கு வெளியிலிருந்து வந்தது. என் ஆயாவைவிட வயதில் இளையது. ஒரு வழக்கத்தைப் பழசு என்று சொல்லிவிட்டால் அதைக் கேள்வி கேட்பவன் தானாகவே அந்நியனாகிவிடுகிறான். அதற்காகவே பல கொடுமைகளுக்கு வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. ‘நாங்கள்’ என்று பேசியவர்கள் யார்? பிரசவமான வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜீப்புக்குப் பதில் சொன்னவர்கள் மாமியார், மாமனார், ஊர்ப் பெரியவர்கள். உள்ளே பாயில் கிடந்த பச்சை உடம்புக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் அந்த ஊர்க்காரி இல்லை. வேறு ஊரில் பிறந்து, வாக்கப்பட்டு வந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவள். அவளை வெளியாள் என்றுதான் அந்த வீடு நடத்தியது. குழந்தையோ வந்து மூன்று நாள் ஆனவள். ஊரின் வழக்கத்துக்கு விலை கொடுத்த இருவருமே ஊருக்குள் வேர் இல்லாதவர்கள். விலை கொடுக்காதவர்கள்தான் அதைத் தங்கள் மரபு என்று உரிமை கொண்டாடினார்கள். தீர்ப்புச் சொல்லும் உரிமை உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் என்று ஒப்புக்கொண்டாலும், அந்த உள்ளே என்பது வீட்டின் எந்த அறை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், வந்து போன ஜீப்புகளுக்கு நான் நற்சான்று தரப்போவதில்லை.

1986 ஜூனில் ‘இந்தியா டுடே’ இதழ் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியின் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக்கியது. நாடு முழுக்க அது பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். ஆனால் அதன் பிறகு அந்த ஊர்ப் பெயரும் ஒரு சாதியின் பெயரும் சிசுக்கொலைக்கு மறுபெயராகவே ஆகிப்போயின. அந்தப் பகுதிப் பிறமலைக் கள்ளர்கள் அதற்கு முன்பே ஒரு வெளியார் தீர்ப்பை அனுபவித்தவர்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. கைரேகை பதிய மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பெண். இந்த நினைவோடு வாழும் ஊரில் மறுபடி ஒரு கூட்டம் நோட்டோடு வந்து நின்று, உங்கள் சாதிதானே குழந்தையைக் கொல்லும் சாதி என்ற தொனியில் கேட்டால் கதவு சாத்தப்படத்தான் செய்யும். இத்தனைக்கும் இந்தக் கொலை ஒரு சாதியோடு நின்றதில்லை. எங்கள் மாவட்டத்தில் வேறு சாதிகள், வேலூர்ப் பக்கம் வேறு சாதிகள். சாதியைச் சொல்லித் தீர்ப்பெழுதியபோது வரதட்சணை தப்பித்துக்கொண்டது.

வழக்குகள் பதியப்பட்டபோதும் அதுவே நடந்தது. கைதானவர்களில் தாய்மார்கள் இருந்தார்கள், பாட்டிகள் இருந்தார்கள். பவுன் கேட்ட சம்பந்தி வீட்டார் எந்த வழக்கிலும் குற்றவாளிக் கூண்டில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியாள் என்றதும் தருமபுரிக்காரர்களுக்கு நினைவுக்கு வரவேண்டிய இன்னொரு பெயர் வாச்சாத்தி. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடி ஊர். 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டாக அங்கே இறங்கினார்கள். சந்தனக்கட்டை கடத்தும் ஊர் என்பது அவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த தீர்ப்பு. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடுமாடுகளும் தானியமும் சூறையாடப்பட்டன, ஊரே சிறைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023 செப்டம்பர் 29இல். முப்பத்தோரு வருஷம்.

வாச்சாத்தியை இங்கே நினைவூட்டக் காரணம் இருக்கிறது. நாகரிகத்தின் பேரால், சட்டத்தின் பேரால் ஓர் ஊருக்குள் நுழைகிறவர்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி. சித்தேரி மலையில் ஒரு கிழவி இன்று காக்கிச் சட்டையைக் கண்டு கதவைச் சாத்தினால், அவளிடம் போய் நல்லெண்ணத்தைப் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. ஆனால் அதே வாச்சாத்திக்கு நீதி கிடைத்தது எப்படி? ஊர்ப் பெண்கள் பயமுறுத்தலுக்கு மசியாமல் நீதிமன்றத்தில் நின்றார்கள். அவர்களோடு மலைவாழ் மக்கள் சங்கமும், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும், வழக்கறிஞர்களும் நின்றார்கள். அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை, பழங்குடிகளும் இல்லை. ஜீப்பில் வந்து இறங்கியவனும் வெளியாள்தான், பத்தொன்பது வருஷம் கோர்ட் வாசலில் கூட நின்றவனும் வெளியாள்தான். இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது நமக்கே நாம் செய்யும் அநியாயம்.

நூறு வருஷத்துக்கு முன் இதே சண்டை பெரிய அளவில் நடந்தது. 1927இல் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் ‘மதர் இந்தியா’ என்று ஒரு புத்தகம் எழுதினார். குழந்தை மணம், தீண்டாமை, பிரசவ அறைகளின் அழுக்கு எல்லாம் அதில் இருந்தன. வெள்ளைக்காரன் ஆட்சி தொடர வேண்டும் என்ற உள்நோக்கமும் இருந்தது. நாடு கொதித்தது. அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று காந்தி கண்டித்தார். ஆனால் இந்தியர்கள் அதைப் படித்துத் திருந்த வேண்டும் என்பதையும் அவர் சொல்லாமல் விடவில்லை. மறுப்புப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. அந்த நேரத்தில் கொங்கு நாட்டிலிருந்து ஒருவர் வேறு மாதிரி யோசித்தார். சுயமரியாதை இயக்கத்தில் அப்போது இருந்த கோவை அ. அய்யாமுத்து, ‘மேயோ கூற்று மெய்யா பொய்யா’ என்று ஒரு நூல் எழுதினார். அந்தத் தலைப்பே எனக்குப் போதும். சொன்னவள் யார், எந்த ஊர், என்ன நோக்கம் என்பதெல்லாம் இருக்கட்டும், சொன்னது மெய்யா பொய்யா? மெய் என்றால் நாம் திருத்திக்கொள்ள வேண்டியது, அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தாலும். பொய் என்றால் மறுக்க வேண்டியது, அவள் நல்லவளாகவே இருந்தாலும். சொன்னவரைப் பார்க்காமல் சொன்னதைப் பார்த்த அந்தத் துணிச்சல் தன் சமூகத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ளவருக்குத்தான் வரும்.

வெளியாள் கேட்கலாமா என்ற கேள்வியே மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்குப் புறநானூற்றில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட ஏற்பாடு செய்கிறான். யானையைக் கண்டு வியந்து அழுகையை மறந்து நிற்கும் சிறு பிள்ளைகள். தடுத்துப் பேசுகிறவர் கோவூர்கிழார். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் உறவில்லை, அவர்கள் நாட்டவரும் இல்லை. பகைவன் குலத்தை அறுப்பது அரச வழக்கம்தானே என்று அவர் ஒதுங்கவில்லை. அரசன் காதில் விழும் இடத்தில் நின்று பேசினார். பேச்சுக்கு ஒரு விலை உண்டென்றால் அதைக் கொடுக்கும் தூரத்தில் நின்றார். நம்மிடம் இல்லாத பழக்கமா இது?

இனி ஆயாவின் கேள்விக்கு வருகிறேன். நீ எடுத்துட்டுப் போய் வளப்பியா?

வேடிக்கை பார்க்க வந்த யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. அரசாங்கம் சொன்னது. வாச்சாத்தி நடந்த அதே 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா தொடங்கினார். வளர்க்க மனமில்லையா, கொல்லாதே, தொட்டிலில் போடு, நான் வளர்க்கிறேன் என்பதுதான் அதன் சாரம். 2001இல் தருமபுரிக்கும் அது வந்தது. அரசு மருத்துவமனையில் தொட்டில் வைத்தார்கள். அந்தத் தொட்டிலைப் பற்றி நிறைய ஏளனம் எழுதப்பட்டிருக்கிறது. வரதட்சணையைத் தொடாமல் குழந்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறது, தகப்பன் கைகழுவ வழி செய்கிறது, தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறது என்றார்கள். எல்லாமே சரியான விமர்சனங்கள். ஆனாலும் அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் இன்று எங்கோ இருபது வயதைத் தாண்டி நடமாடுகிறார்கள். அந்த உண்மைக்கு முன்னால் என் விமர்சனத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். ‘வளப்பியா?’ என்று கேட்டதற்கு ‘வளர்க்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்டவருக்கு அதற்கு மேல் கொல்வதற்குச் சாக்கு இல்லை. ஆயாவின் வாதம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. தொட்டில் உயிரைக் காத்தது, மனதை மாற்றவில்லை. மனதை மாற்றும் வேலை வேறு வழியில் நடந்தது. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில், டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியாக, கலைப்பயணம் ஊர் ஊராகப் போனது. அந்தத் திட்டத்தில் இருந்த ஐஏஎஸ் அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் பிறகு அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பணம் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. திட்டம் சென்னையில் எழுதப்பட்டது. ஆனால் மந்தையில் நின்று நடித்தவர்கள் இந்த மாவட்டத்துப் பையன்களும் பெண்களும். பறையடித்துக் கூட்டம் சேர்த்து, எங்கள் பேச்சிலேயே பேசி, எங்கள் மாமியார்களைப் போலவே முந்தானையை உதறி நடித்தார்கள். கூட்டத்தில் யாரும் எழுந்து ‘நீ யாரு?’ என்று கேட்க முடியவில்லை, ஏனென்றால் நடிக்கிறவன் பக்கத்து ஊர்க்காரன், கொண்டான் கொடுத்தான் உறவுக்காரன். நாடகத்தில் குழந்தையைக் கொன்றவளை அரக்கியாகக் காட்டவில்லை, பவுன் கணக்குப் பேசும் கூட்டத்தைக் காட்டினார்கள். தீர்ப்பு இந்த முறை சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது. சாவுகள் குறையத் தொடங்கின.

நாடகம் முடிந்து குழு அடுத்த ஊருக்குப் போன பிறகும் அங்கேயே இருந்தவர் ஒருவர் உண்டு, கிராம சுகாதார செவிலியர். எங்கள் பக்கத்துப் பேச்சில் நர்சம்மா. இந்தக் கதையில் பேர் வராமல் போன ஆள் இவர்தான். மூன்றாவது பெண் பிறக்கக்கூடும் என்று தெரிந்த வீட்டைக் கர்ப்பத்திலிருந்தே கண்ணில் வைத்திருப்பார். பிரசவமான மறுநாள் போவார், மூன்றாம் நாள் போவார், ஏழாம் நாள் போவார். ‘புள்ளக்கி ஊசி போடணும்’ என்பார், ‘எடை பாக்கணும்’ என்பார். கொலை செய்யாதே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். குழந்தை இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது வீட்டுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு மாதம் தாண்டிவிட்டால் குழந்தை சிரிக்கத் தொடங்கிவிடும், பிறகு எந்தக் கிழவிக்கும் கை வராது என்று அந்தப் பெண்களுக்கு அனுபவம் சொல்லியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். ஊரின் வழக்கத்தை அவர்களும்தான் தவறு என்று தீர்மானித்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிக்கொண்டு போகாமல், எடைபார்க்கும் தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப நடந்து வந்தார்கள்.

அதே 1997இல், ஜூலை 31 அன்று, ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் மாலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், இனி எங்கள் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுக்க மாட்டோம் என்று ஊரறிய அறிவித்தார்கள். அவர்களுக்கு வகுப்பு நடத்திய டோஸ்டான் அமைப்பைத் தொடங்கியவர் மோலி மெல்ச்சிங் என்ற அமெரிக்கப் பெண். ஆனால் அவர் 1974இலேயே செனகலுக்கு வந்து, வொலோஃப் மொழி கற்று, அங்கேயே தங்கிவிட்டவர். அந்த அறிவிப்பைக் கேட்டு முதலில் கோபப்பட்டவர் டெம்பா தியவாரா என்ற இமாம். பிறகு தன் வீட்டுப் பெண்களிடம் கேட்டார், மருத்துவர்களிடம் கேட்டார், மனம் மாறினார். அவர் கண்டுபிடித்த உண்மை எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். ஓர் ஊர் மட்டும் இதை நிறுத்த முடியாது, அறுக்காத பெண்ணை அடுத்த ஊரில் கட்ட மாட்டார்கள். ஆகவே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எல்லா ஊரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். சொந்தபந்தம் உள்ள ஊர்களுக்கெல்லாம் அவர் நடந்தே போனார். வரதட்சணையும் இப்படிப்பட்ட முடிச்சுதான். ஒரு வீடு மட்டும் அவிழ்த்தால் அந்த வீட்டுப் பெண்தான் கரையேறாமல் நிற்பாள்.

இந்த இடத்தில் வாசகர் சிலருக்கு ஜல்லிக்கட்டு நினைவு வந்திருக்கும். 2017 ஜனவரியில் வெளியாட்கள் எங்கள் மாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று நாமெல்லாம் தெருவுக்கு வரவில்லையா? வந்தோம். எங்கள் பக்கம் எருதுவிடும் விழா உண்டு, எனக்கும் அதில் பிடிப்பு உண்டு. அங்கேயும் நான் கேட்பது அதே கேள்வியைத்தான்: மாடு வதைபடுகிறது என்று சொன்னது மெய்யா பொய்யா? மெய்யான இடங்களில் விதிகள் வந்தன, வந்தது நல்லது. மாட்டை வருஷம் முழுக்கத் தீனி போட்டு வளர்க்கிறவன் தன் பக்க நியாயத்தை நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல முடிந்தது. பாயில் கிடந்தவளுக்கு அப்படி ஒரு மெரினாப் போராட்டம் கிடைக்கவில்லை. ‘எங்கள் பண்பாடு’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் மூடிவிடக் கூடாது.

கணக்குக்கு வருவோம். ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இத்தனை பெண் குழந்தைகள் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. தருமபுரி மாவட்டத்தில் 2001இல் அந்த எண் 826. மாநிலச் சராசரி 942. 2011இல் தருமபுரி 913க்கு ஏறியது, மாநிலம் 943இல் நின்றது. பத்து வருஷத்தில், ஆயிரம் பையன்களுக்கு 87 பெண்கள் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்த எண்ணை நான் படிக்கிறேன். எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமாக இருந்தபோதே இதைச் செய்தோம். மாவட்டத்தில் பிறந்தவள் என்ற முறையில் எனக்கு இதில் பெருமை உண்டு. ஆனால் 913 என்பது 943 இல்லை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அப்போது நடக்கவில்லை.

கள்ளிச்செடியின் இடத்துக்கு ஸ்கேன் வந்துவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. பதிவுபெற்ற ஸ்கேன் மையங்களில் கெடுபிடி கூடியதும், கையில் தூக்கிப் போகும் கருவியோடு வீட்டுக்கே வரும் கும்பல்கள் கிளம்பின. தருமபுரி மாவட்டத்திலேயே, ஊருக்கு ஒதுக்குப்புறமான வீடுகளில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்காரவைத்து ஸ்கேன் பார்த்தவர்களை அதிகாரிகள் அண்மை ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்கள். மருத்துவம் படிக்காதவர்கள். இடைத்தரகர் ஒருவர் கர்ப்பிணிகளைத் திரட்டிக் கொண்டுவருவார், சில ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் வயிற்றில் கருவியை வைப்பார், பெண் என்றால் கலைக்க இன்னொருவர் வருவார். கலைக்கும்போது தாயின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

இவர்கள் யார்? வேறு ஊர்க்காரர்கள், சில சமயம் வேறு மாவட்டத்துக்காரர்கள். பேர் தெரியாது, சாதி தெரியாது, படிப்பு தெரியாது. ஆனால் இவர்கள் காரில் வந்து இறங்கும்போது கதவு திறக்கிறது. ‘எங்க ஊரு விஷயத்துல நீ யாரு?’ என்று இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ‘எங்க கஷ்டம் உனக்குத் தெரியுமா?’ என்று கேட்பதில்லை. நர்சம்மாவிடம் கேட்டோம், நிருபரிடம் கேட்டோம், பத்தாம் வகுப்புப் பெண்ணின் கல்யாணத்தை நிறுத்த வரும் சமூக நலத்துறை ஊழியரிடம் இன்றைக்கும் கேட்கிறோம். ஸ்கேன்காரனிடம் மட்டும் பணத்தைக் கொடுத்து, வாசலில் காவலுக்கும் நிற்கிறோம். நம் ரோஷம் வெளியாள் மேல் இல்லை. தப்பு என்று சொல்பவர் மேல்தான்.

என் ஆயா செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியது நானும் என் அக்காவும். ஒருநாள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஜீப்காரப் பெண்ணை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அவ வளக்கறேன்னு சொல்லியிருந்தா நான் எதக் குடுத்திருப்பேன்? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்துச்சே” என்றாள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பெண்ணாகரத்திலும் பாலக்கோட்டிலும் காரிமங்கலத்திலும் அரூரிலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் முன்பின் தெரியாத கார் வந்து நின்று, கர்ப்பிணிகள் ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்தால், அந்தக் காரிடம் கேளுங்கள், நீ யாரு என்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ ஒரு போன் போடுங்கள். படிக்கிற வயதுப் பெண்ணுக்குப் பந்தல் போடுவதைக் கண்டால் 1098க்கு அழையுங்கள். அந்த எண் இரவும் பகலும் இயங்குகிறது.